பிறந்தது முதல் அறிவோம்

என் கம்ப்யூட்டரில் 'வழக்கம்' என்ற பெயரில் ஒரு ஃபைல் உண்டு. திருவனந்தபுரம் வஞ்சியூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் டைப்பிங் கடை வைத்திருப்பவளுக்கு அப்படி ஒன்று இல்லாமல் பிழைப்பு ஓடாது. நான் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை போட இரண்டும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் அடிப்பேன், மொழிபெயர்த்தும் கொடுப்பேன். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் தமிழர்கள்: ஹோட்டலில் வேலை செய்பவர்கள், கட்டட வேலைக்காரர்கள், மேலே பொன்முடிப் பக்கத்து எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிப்பவர்கள். அவர்கள் எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் தேவைப்படும் தாள்தான் அந்த 'வழக்கம்'.

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கணும் என்றாலும், பிள்ளைக்கு சர்டிபிகேட் வாங்கணும் என்றாலும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: நீ இந்த ஊர்தானா? என் அப்பாவைக் கேட்டார்கள். இருபத்து மூன்று வயதில் என்னையும் கேட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் அந்தத் தாள். "கீழே ஒப்பிட்டிருக்கும் நாங்கள் மேற்படி நபரைப் பிறந்தது முதல் அறிவோம். இவர் இவ்விடத்திலேயே பிறந்து வளர்ந்து நிரந்தரமாக வசித்து வருபவர்." அக்கம்பக்கத்தார் பத்து, இருபது பேர் கீழே ஒப்பிடுவார்கள். ஒப்பு என்றால் எங்கள் ஊரில் கையெழுத்து. பெயருக்கும் முகவரிக்கும் மட்டும் இடம் விட்டு மலையாளத்தில் அடித்து வைத்திருந்தேன். பத்து நிமிஷ வேலை.

அன்று வந்தவள் எஸ்டேட் யூனியனின் செயலாளர். அவளும் கொழுந்து பறிப்பவள்தான். நாற்பது வயசு இருக்கும். பேச்சில் யாருக்கும் இடம் கொடுக்கமாட்டாள். முன்பு இரண்டு மூன்று முறை வந்திருக்கிறாள். உட்காரும்போதே சொன்னாள்:

"அக்கா, சாதாரணமா அடிக்குற பெட்டிஷன் ஒண்ணு வேணும். ஸ்டேஷன்ல குடுக்கணும். நம்ம லயத்துப் பொண்ணு ஒருத்திய வெளிநாட்டுக்காரின்னு போலீசு சொல்லுது."

லயம் என்பது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெளிநாட்டுக்காரியா? பொன்முடியிலயா? இவங்களுக்குத் தமிழ் பேசினா எல்லாரும் வெளிநாடுதான், கேட்டியா" என்றேன். அவளும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள் என்பது பின்னாளில்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு எங்கே அதையெல்லாம் கவனிக்க நேரம்? நியாயமான கோபத்தில் இருந்தேன். என்னிடம் கேட்ட கேள்வியை இன்னொரு தமிழ்ப் பெண்ணிடம் கேட்கிறார்கள் என்ற கோபம். அந்தக் கோபத்தில் வழக்கத்துக்கு மேலே ஒரு வரி என் கைச்சரக்காகச் சேர்த்தேன்: "இவருடைய தாயாரையும், இவர் பிறந்த வீட்டையும் அறிவோம்." வாசித்துக் காட்டியபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நாற்பத்தொரு பேர் ஒப்பிட்டார்கள், சிலர் பெருவிரல் வைத்தார்கள். தாள் ஸ்டேஷனுக்குப் போயிற்று. நான் மறந்தே போனேன்.

சனிக்கிழமைகளில் நான் வேறொரு வேலைக்குப் போவேன். ஒரு வாசகசாலையின் மாடியில் ஐந்தாறு வக்கீல்கள் கூடுவார்கள். கூடவே இரண்டு கன்னியாஸ்திரிகள், ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், விழிஞ்ஞத்து மீனவர் சங்கத்திலிருந்து ஒருவர். நாடு விட்டு ஓடி வந்து, திரும்பப் போகவும் முடியாமல், இங்கே இருக்கவும் காகிதம் இல்லாமல் தவிப்பவர்களுக்கு வழக்கு எழுதுவதும், அவர்களுக்காக எல்லோரும் சேர்ந்து அதிகாரிகளிடம் போய் நிற்பதும் இந்தக் கூட்டத்தின் வேலை. எனக்கு அங்கே தமிழை மலையாளமாக்கும் வேலை. கூட்டத்தை நடத்தும் வக்கீல் என்னைவிடப் பத்து வயது சின்னவள், மலையாளி. என்னைச் 'சேச்சி' என்பாள். முதல் நாளே எனக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள்: அவர்கள் சொன்னதைச் சொன்னபடி சொல்லணும், நீ அதை மெழுகக் கூடாது. எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான். முப்பது வருஷம் மற்றவர்களின் சொல்லை மெழுகிச் சோறு தின்றவள் நான்.

ஒரு சனிக்கிழமை ஒரு பெண் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தாள். மலையடிவாரத்து வித்துரா ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொல்லி அனுப்பியிருந்தாளாம். இரண்டு பேரும் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் தாளை மழைக்குத் தலையில் போட்டிருந்தார்கள். வக்கீல் அவளிடம், தமிழில் பேசலாமா என்று என் மூலமாகக் கேட்டாள்.

"ஓம்" என்றாள் அந்தப் பெண், கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழில். மகள் அவள் முழங்கையை இடித்தாள். உடனே, "ஆமா" என்று திருத்திக்கொண்டாள்.

பிறகு அவள் பேசினாள். நான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தேன்.

"என்ர மனுசனை ஆமிக்காரர் ஜீப்பில கூட்டிக்கொண்டு போனவை. விசாரிச்சிட்டு விடுறம் எண்டு சொன்னவை. பிறகு ஆளே இல்லை. நான் அவற்ற படத்தைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரா ஏறி இறங்கினனான். மற்றச் சனங்களோட றோட்டில போராட்டத்தில இருந்தனான். தேடுறதை நிப்பாட்டு எண்டு சொல்லிச் சிவில் உடுப்பில ஆக்கள் வரத் தொடங்கிச்சினம். முதல்ல வாசலுக்கு வந்தவை. பிறகு பிள்ளையின்ர பள்ளிக்கூடத்துக்கு வந்தவை."

அதன் பிறகுதான் படகு ஏறியிருக்கிறாள். ஏஜென்ட் ஒருவன் விழிஞ்ஞத்திலிருந்து பெரிய படகில் வேறு நாட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி ஒரு லாட்ஜில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. அந்த லாட்ஜைக் கூட்டிப் பெருக்குகிறவள்தான் இரக்கப்பட்டு, மலையில் எஸ்டேட்டில் இருக்கும் தன் அக்காவிடம் இரண்டு நாளைக்கு என்று அனுப்பி வைத்தாளாம். அந்த இரண்டு நாள் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஏஜென்ட் வேறொரு வழக்கில் மாட்டினான். அவன் போனில் இருந்த படங்களில் இவள் முகமும் இருந்தது.

பொன்முடி, எஸ்டேட் என்று கேட்டதும் எனக்கு அந்த யூனியன் செயலாளர் ஞாபகத்துக்கு வந்தாள். மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"லயத்தில இருக்கிற ஆக்கள் எனக்காக இதைக் குடுத்தவை. இது உதவுமோ?"

என் எழுத்துரு. என் இரட்டைக் கோடு போட்ட தலைப்பு. பிறந்தது முதல் அறிவோம். தாயாரையும், பிறந்த வீட்டையும் அறிவோம்.

வக்கீல் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சேச்சி, இதாரா டைப் செய்தது?" என்றாள்.

"அறியில்ல" என்றேன். தெரியாது என்று சொன்னேன். ஐம்பத்தாறு வயதில், சின்னப் பிள்ளை மாதிரி, பட்டென்று பொய்.

இந்தத் தாள் என்ன செய்யும் என்பதை வக்கீல் அந்தப் பெண்ணுக்கு விளக்கினாள். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தஞ்சம் கேட்க வேண்டுமானால் அவள் தான் யார், எங்கிருந்து வந்தாள், ஏன் பயப்படுகிறாள் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். சொன்ன அன்றே போலீஸ் இந்தத் தாளை எடுத்து நீட்டும். நாற்பத்தொரு பேர் இவள் இங்கே பிறந்தவள் என்கிறார்கள், இவளோ படகில் வந்தேன் என்கிறாள், ஆள் சேர்த்துப் பொய் ஆவணம் கொடுத்தவள் சொல்லும் கதையை எப்படி நம்புவது என்று கேட்கும். சொல்லாமல் இந்தத் தாளையே பிடித்துக்கொண்டு நின்றாலும் தப்ப வழியில்லை. பிறப்புப் பதிவு எங்கே என்று ஒரு கேள்வியில் எல்லாம் குலைந்துபோகும். அதற்கப்புறம் யாரும் அவள் பயத்தைக் கேட்கப் போவதில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பெண் மகளை ஒரு தரம் பார்த்தாள். "அவை நல்லதுக்குத்தானே செய்தவை" என்றாள். யாரையும் குறை சொல்லாத அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்தேன், ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. என் மேல் எனக்கே ஆத்திரம். என்ன பெரிய தமிழச்சி! யார், என்ன என்று ஒரு கேள்வி கேட்டேனா? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு எங்களைக் கொல்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே, கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டிருந்தேன். எங்களுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் ஒரே பதில்தான் தெரியும். இந்த ஊர், இங்கேயே பிறந்தது. இந்த ஊர் இல்லை என்று சொன்னால்தான் பிழைக்க முடியும் என்று ஒருத்திக்கு நிலைமை இருக்கும் என்பது எங்கள் யாருடைய மண்டைக்கும் எட்டவில்லை. லயத்துக்காரர்களுக்கும் எட்டவில்லை, எனக்கும் எட்டவில்லை.

திங்கட்கிழமை காலை கோர்ட் வராந்தாவில் வக்கீலைப் பிடித்தேன். "அந்தத் தாளை அடிச்சது நான்தான். சனிக்கிழமை பொய் சொன்னேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். கறுப்புக் கோட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த ஃபைல்களை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு என் தோளில் கை வைத்து, "மதி, சேச்சி இனி கரயண்டா. நமுக்கு மலை கேறாம்" என்றாள். அழுதது போதும், மலை ஏறலாம் என்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வித்துரா போய், அங்கிருந்து காத்துக் கிடந்து மலை பஸ் பிடித்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் வக்கீலுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எஸ்டேட்டில் பிள்ளைகளை விட்டுப் போகிற பழைய காப்பகக் கட்டடத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அந்தப் பெண்ணும் மகளும் ஒரு மூலையில் இருந்தார்கள். யூனியன்காரி என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

முன்பு கொடுத்ததைத் திரும்பப் பெறுகிறோம், இவள் இங்கே பிறந்தவள் இல்லை என்று புதிதாக எழுதித் தர வேண்டும் என்று வக்கீல் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். அவ்வளவுதான், கட்டடம் கொதித்தது.

"நம்ம ஆளு இல்லேன்னு நாங்க ஒப்பு போட்டுத் தரணுமா?" யூனியன்காரி எழுந்தே விட்டாள். "ரெண்டு வருஷம் ஒரே அடுப்புல சோறு வச்சோம் அக்கா. அந்தக் குட்டி என் மடியில கெடந்து வளந்தது. இப்போ போலீசுகாரன்மாரு முன்னாடி போயி, இவ யாரோ எவளோன்னு சொல்லவா? அத விட நாங்க அவளப் புடிச்சுக் குடுத்துறலாம்."

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார், "அது மட்டுமா? அன்னைக்குச் சொன்னது கள்ளம்னு நாமளே எழுதிக் குடுத்தா, நம்மள விடுவானா? நம்ம கார்டையும் நோண்டுவான். நீ எந்த ஊரு, உன் அப்பன் எந்த ஊருன்னு மறுபடியும் மொதல்லேருந்து தொடங்குவான்." நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவருடைய பயம் பொய்யான பயம் இல்லை.

நான் எழுந்து நின்றேன். எப்போதும் மற்றவர்களுக்காகப் பேசுகிறவள், அன்று எனக்காகப் பேசினேன். "தப்பு உங்களுது இல்ல. நீங்க மலையாளத்துல இருந்தத வாசிக்காம ஒப்பு போட்டீங்க. அதுல இருந்த வார்த்தை எல்லாம் என்னுது. அவ அம்மாவத் தெரியும், பொறந்த வீடு தெரியும்னு எழுதினது நான். இந்தப் புதுத் தாள்ல மொத ஒப்பு என்னுது. அதையும் எழுதித்தான் கொண்டு வந்திருக்கேன்" என்றேன். வக்கீல் அதற்கு முன் வாரமே என்னை எச்சரித்திருந்தாள்: இப்படி எழுதிக் கொடுத்தால் கோர்ட் வேலை எனக்கு வருவது நின்றாலும் நிற்கலாம். நின்றால் நிற்கட்டும் என்று வாயால் சொன்னேன். அன்றிரவு, கோர்ட் வேலையைக் கழித்தால் மாதம் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அப்போதும் யாரும் ஒப்பிட முன்வரவில்லை. அந்தப் பெண் மூலையிலிருந்து எழுந்து வந்தாள். யூனியன்காரியின் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, என்னை உங்கட பிள்ளை எண்டு சொன்னதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். ஆனா இஞ்ச பிறந்தவள் எண்டால், எனக்கு அங்க ஒரு மனுசன் இருந்ததே இல்லை எண்டு ஆகுதல்லோ? அவர் காணாமப் போனதும் இல்லை எண்டு ஆகுதல்லோ? அவர் இருந்தவர் எண்டு சொல்லுறதுக்கு இந்த உலகத்தில நானும் இவளும் மட்டும்தான் மிச்சம்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. வக்கீலும் கேட்கவில்லை. யூனியன்காரி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, "எழுது அக்கா" என்றாள். "பிறந்தது முதல் தெரியாதுன்னு எழுது. ரெண்டு வருஷமாத்தான் தெரியும். என்ன தெரியும்னும் எழுது. கீழ ஜீப்புச் சத்தம் கேட்டா இவ கைவேலையப் போட்டுட்டுக் குட்டியத் தூக்கிட்டுத் தேயிலைக்குள்ள போயி உக்காந்துக்குவா. எத்தன தடவ நான் போயித் தேடிக் கூட்டிட்டு வந்திருக்கேன். அது வனத்துறை ஜீப்புதான்னு சொன்னாலும் வரமாட்டா."

இதை நான் மலையாளத்தில் சொன்னதும் வக்கீல் சட்டென்று நிமிர்ந்தாள். "அதையே எழுது சேச்சி. அவங்க பார்த்ததை, ஒவ்வொருத்தர் பார்த்ததையும்."

அன்று முழுவதும் எழுதினேன். 'வழக்கம்' எதற்கும் உதவவில்லை. ஒருத்தி, அவள் படகில் நனைந்த ஒரு ஃபோட்டோவை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பதைப் பார்த்ததாகச் சொன்னாள். ஒருவர், யூனிபாரம் போட்ட ஃபாரஸ்ட் கார்டு வந்தாலே அவளுக்குக் குரல் வராமல் போகும் என்றார். இன்னொருத்தி, அவளுக்குத் தாங்கள் 'ஓம்' என்று சொல்லக்கூடாது என்று பழக்கிவிட்டதை, திருட்டுப் பிடிபட்ட முகத்தோடு சொன்னாள். அதையும் எழுதினேன். மெழுகவில்லை. முப்பத்தெட்டு பேர் ஒப்பிட்டார்கள். மூன்று பேர் பேடியாக இருக்கிறது, வேண்டாம் என்று விலகிப் போனார்கள். பேடி என்றால் பயம். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எர்ணாகுளத்தில் ஹைகோர்ட்டில் மனு போட்டார்கள். மனுவோடு முப்பத்தெட்டு வாக்குமூலங்கள், என்னுடையதும் சேர்த்து முப்பத்தொன்பது. அதைத் தவிர, பொய்யைத் தாங்களாகவே திருத்திய தொழிலாளர்கள் மேல் வழக்குப் போடக் கூடாது என்று மீனவர் சங்கமும் கன்னியாஸ்திரிகளும் வாத்தியாரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, ஆபீஸ் ஆபீஸாக நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாத்தியார் முழங்கால் வலியோடு எல்லாப் படியும் ஏறினார். அவளைத் திருப்பி அனுப்பும் முன் விசாரிக்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. விசாரணை திருவனந்தபுரத்திலேயே, ஒரு அதிகாரியின் அறையில்.

அதிகாரி யூனியன்காரியைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார்: முதலில் பிறந்தது முதல் தெரியும் என்றீர்கள், இப்போது இரண்டு வருஷம் என்கிறீர்கள், எது உண்மை?

"ரெண்டாவது சொன்னதுதான் சத்தியம் சாரே. மொதல்ல சொன்னது கள்ளம். இவளக் கொண்டுபோயிறக் கூடாதேன்னு சொன்ன கள்ளம்." அதிகாரியை நேராகப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "இவ எங்க ஊர்க்காரி இல்ல. எங்களுக்குச் சொந்தமும் இல்ல."

அந்தப் பெண் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் மூன்று மாதம் காத்திருந்தோம். கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, டைப் செய்தது நீங்களா என்றார். ஆமாம் என்றேன். என்னவோ குறித்துக்கொண்டார். இன்றுவரை அது என்ன குறிப்பு என்று எனக்குத் தெரியாது. கடை நடக்கிறது, வரும் ஆள்தான் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உத்தரவு வந்தது. அவளுடைய தஞ்ச விண்ணப்பம் முடிவாகும் வரை அனுப்பக் கூடாது. வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் ஒப்பிட வேண்டும். ஏழு நாளுக்குள் நிலையான ஒரு முகவரி தர வேண்டும், அந்த வீட்டுக்காரர் பொறுப்பேற்க வேண்டும். முகவரி இல்லையென்றால், வெளிநாட்டுக்காரர்களை அடைத்து வைக்கும் இல்லத்துக்கு அவள் போக வேண்டும். மகளைக் கூடவே விடுவார்களா என்று வக்கீலாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லோரும் எஸ்டேட் முகவரி இருக்கிறதே என்று நினைத்தோம். மானேஜர் மறுத்துவிட்டார். மரியாதையாகத்தான் மறுத்தார். லயம் தொழிலாளர் குடும்பங்களுக்கு மட்டும்தான். இவள் தொழிலாளியும் இல்லை, யாருக்கும் குடும்பமும் இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்றார்.

யூனியன்காரி போனில் என்னைக் கூப்பிட்டு அழுதாள். "கள்ளம் சொன்னப்போ அவளுக்கு எடம் இருந்துச்சு அக்கா. சத்தியம் சொன்னதும் எடம் போச்சு. இதுக்கா நீங்க மலை ஏறி வந்தீங்க?"

என்னிடம் ஓர் அறை இருந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு அவன் அறை பூட்டிக் கிடந்தது. அவள் அழும்போதே அந்த அறை எனக்கு ஞாபகம் வந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. உடனே கூட்டிக்கொண்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது அப்படி இல்லை. வாரா வாரம் போலீஸ் கணக்கில் இருக்கும் ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்கள், நாத்தனார் என்ன சொல்வாள், என் தனிமை எனக்குப் பழகிப்போய் பிடித்தும் போய்விட்டதே என்று நான்கு நாள் என்னோடு நானே வழக்காடினேன். கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இடம் இருக்குமா என்று விசாரித்தேன். இல்லை. ஐந்தாம் நாள் காலையில் அந்த அறையைத் திறந்து ஒட்டடை அடித்தேன். அடித்து முடித்துவிட்டு வக்கீலுக்கு போன் செய்தேன். "முறி இருக்கு" என்றேன். முறி என்றால் அறை. அவள் உடனே, முகவரியைச் சொல்லு சேச்சி என்றாள்.

ஏழாம் நாள் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். மகள் ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் யூனியன்காரி கொடுத்தனுப்பிய தேயிலைப் பொட்டலத்தையும் பிடித்திருந்தாள். எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர் ஒரு படிவத்தை நீட்டினார். பொறுப்பேற்பவர் பெயர். முகவரி. எவ்வளவு காலமாகத் தெரியும். உறவு. நூற்றுக்கணக்கான பேருக்கு நிரப்பிக் கொடுத்த அதே படிவம்தான். எனக்காக அன்றுதான் நிரப்புகிறேன்.

எவ்வளவு காலமாகத் தெரியும் என்ற இடத்தில், நான்கு மாதம் என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. போலீஸ்காரர் நல்ல மனிதர். குனிந்து, தணிந்த குரலில், "பந்து எந்நு எழுதிக்கோ சேச்சி, அதா எளுப்பம்" என்றார். சொந்தம் என்று எழுதிக்கொள், அதுதான் சுலபம் என்கிறார். என் கை அதற்குப் பழகிய கை. கேட்டால் அவள் பிறந்த வீட்டையும் எழுதிக் கொடுக்கும்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'இல்லை' என்று எழுதினேன்.

அவர் படிவத்தைத் திருப்பி வைத்து வாசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, உறவு இல்லையென்றால் பின்னே எதற்காக வீட்டில் வைக்கிறீர்கள் என்று கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அவள்க்கு பேடியுண்டு சாரே" என்றேன். "எனிக்கு ஒரு முறியுமுண்டு."

அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.